பாதிச் சாவி

ஹரிசங்கர் நெதர்லாந்துக்குப் போன பிறகு மாளவிகாவிடம் எஞ்சியது ஒரு சாவியின் பாதி. மறுபாதி அவனிடம் இருந்தது. பூட்டில் நுழைத்துத் திருப்பும் சாவியன்று. எழுத்தும் எண்ணும் குறியும் கலந்த நெடிய கடவுச்சொல். அதை இரண்டாக வெட்டி, முன்பாதியை அவளும் பின்பாதியை அவனுமாக வைத்துக்கொண்டார்கள். வங்கிப் பெட்டகத்துக்கு வங்கியின் சாவி ஒன்றும் வாடிக்கையாளரின் சாவி ஒன்றும் இருப்பதைப் போன்ற ஏற்பாடு. இரண்டு பாதியும் சேர்ந்தால்தான், கிளவுடில் கிடக்கும் அலுவலகத்தின் காப்புப் பிரதிகள் திறக்கும்.

வேலையை விட்டுப் போகிறவரின் பாதியை அன்றே செல்லாததாக்கிவிட்டு, புதிய சாவி செய்து, அலுவலகத்தில் இருக்கிற இருவருக்குப் பிரித்துத் தரவேண்டும் என்பது விதி. விதியை எழுதியவன் ஹரிசங்கர். நிறைவேற்ற வேண்டியவள் மாளவிகா. அவள் நிறைவேற்றவில்லை. மறந்துவிட்டாள் என்று சொல்ல வழியில்லை. அந்த அலுவலகத்தில் எதையும் மறக்காத ஒரே ஆள் என்று பெயர் வாங்கியிருந்தவள் அவள். அவன் போன பிறகு சில தடவை, சாவி வைத்திருப்பவர்களின் பட்டியல் இருக்கும் பக்கம் வரைக்கும் போய், அவன் பெயரைத் திரையில் பார்த்துவிட்டு, மூடியிருக்கிறாள். அந்தப் பட்டியலில் அவன் பெயர் இருக்கும்வரை தங்கள் இருவருக்கும் நடுவே ஏதோ ஒன்று முடியாமல் இருக்கிறது என்பது அவள் கணக்கு. கணக்கு தவறானது என்பதும் அவளுக்குத் தெரியும்.

அவனும் சாவியை மாற்றிவிட்டீர்களா என்று கேட்கவில்லை. தான் எழுதிய விதி நடப்பில் இருக்கிறதா என்று விசாரிக்காமல் விடுகிற ஆளல்லன் ஹரிசங்கர். அவன் விசாரிக்கவில்லை என்பதை அவள் பல மாதங்கள் கழித்தே கவனித்தாள். கவனித்த பிறகு, வீட்டுக்குத் திரும்பும் மன்னார்குடி பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைக்கிற நாள்களில் அதைப் பற்றி யோசிப்பது வழக்கமாயிற்று.

தஞ்சாவூரில், நாஞ்சிக்கோட்டைச் சாலையை ஒட்டிய ஒரு வாடகை வீட்டில் அந்த நிறுவனம் நடந்தது. வேலை தண்ணீரை அளப்பது. சீர்காழியிலிருந்து வேதாரண்யம் வரைக்கும் ஆற்றுப் பாசனத்தின் கடைசியில் இருக்கும் கடைமடை ஊர்களின் போர்களில், அதாவது ஆழ்துளைக் கிணறுகளில், நாடாவை இறக்கி நீர்மட்டத்தையும், நீரை இறைத்து அதன் உப்பையும் மாதந்தோறும் அளந்து பதிவார்கள். எந்த ஊரில் உப்பு ஏறுகிறது, எந்தத் தண்ணீரை நாற்றங்காலுக்குப் பாய்ச்சலாம், எதைத் தொடவே கூடாது என்று சம்பா நடவுக்கு முன்னால் உழவர்களுக்குச் சொல்லி அனுப்புவார்கள். அரசுப் பணியில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற சந்தானகிருஷ்ணன் அதன் நிறுவனர். பதிவுகளுக்கெல்லாம் பொறுப்பு மாளவிகா. ஊர் ஊராகப் போய் அளக்கிறவர்களுக்குத் தலைவன் ஃபஹத். அலுவலகத்தின் மற்ற எல்லாவற்றுக்கும், அதாவது தேநீர், மின்கட்டணம், பூஜை, வீட்டுக்காரர் ஆகிய அனைத்துக்கும் பொறுப்பு மங்களாம்பிகை.

இத்தனை ஆண்டு அளவுகளும் இருந்தது மாடியில் ஒரு சிறிய சேமிப்புப் பெட்டியில். அதற்குள் நான்கு டிஸ்க்குகள். ஒன்று பழுதானால் மற்ற மூன்றும் தாங்கும். இரண்டு பழுதானால் எல்லாம் போகும். அந்த ஆயுத பூஜைக்கு முன்புவரை ஒன்றுகூடப் பழுதானதில்லை.

ஆயுத பூஜையன்று மாளவிகா சீர்காழியில் சித்தி வீட்டில் இருந்தாள். அலுவலகத்தில் நடந்ததைப் பிறகு ஃபஹத் சொல்லித் தெரிந்துகொண்டாள். நாடாக்கள், உப்பு மீட்டர்கள், மடிக்கணினிகள் எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பி மங்களாம்பிகை சந்தனமும் குங்குமமும் வைத்துவந்திருக்கிறார். சேமிப்புப் பெட்டியின் முறை வந்தபோது சந்தானகிருஷ்ணன் தடுத்திருக்கிறார். உழைக்கிறது உள்ளே இருக்கிற டிஸ்க்குகள்தானே, வெளித் தகரத்துக்குப் பொட்டு வைத்து என்ன பயன் என்பது அவர் கேள்வி. தர்க்கத்தில் பிழையில்லை. ஆகவே நான்கையும் உருவியெடுத்துத் தாம்பாளத்தில் வரிசையாக வைத்தார்கள். மங்களாம்பிகை எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்லர். நான்கு பக்கமும் பொட்டிட்டார். பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம் வழிந்து, செருகுகிற முனைக்குள் இறங்கியது. மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து, டிஸ்க்குகளைப் பெட்டிக்குள் தள்ளி, கற்பூரம் காட்டி, சுவிட்சைப் போட்டார்கள். மூன்றாவது டிஸ்க்கும் நான்காவது டிஸ்க்கும் அத்துடன் விடைபெற்றன.

மாளவிகா வந்து சேர்ந்தபோது பெட்டி சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. மங்களாம்பிகை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். ஈரம் காயட்டும் என்று தான் சொன்னதாகவும், சார் நல்ல நேரம் முடியப்போகிறது என்று அவசரப்படுத்தியதாகவும் ஒரே மூச்சில் சொன்னார். சந்தானகிருஷ்ணன் அறைக்குள் நாளிதழைப் படித்துக்கொண்டிருந்தார். நெடுநேரமாக ஒரே பக்கம்.

"எல்லாம் கிளவுட்ல இருக்குல்லம்மா?" என்றார், நாளிதழைத் தாழ்த்தாமல்.

"இருக்கு சார். திறக்கறதுக்கு ரெண்டு பேர் வேணும்."

"ஒண்ணு நீ. இன்னொண்ணு?"

"ஹரி."

இப்போது நாளிதழ் தாழ்ந்தது. "அவன் போய் எவ்வளவு காலம் ஆச்சு. இன்னுமா அவன் பேர்ல இருக்கு?"

"மாத்தல சார்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. தாமே டிஸ்க்குக்குப் பொட்டு வைக்கச் சொன்ன மனிதர் அன்றைக்குப் பிறரை ஏன் என்று கேட்கிற நிலையில் இல்லை. கூப்பிட்டுப் பேசு என்று மட்டும் சொன்னார். நடவுக்குள் உப்பு விவரம் வேண்டுமென்று கடைமடையிலிருந்து நாள்தோறும் போன் வருகிறது. பழைய ஆண்டுகளின் அளவு இல்லாமல் இந்த ஆண்டின் அளவை மட்டும் வைத்துக்கொண்டு யாருக்கும் எதுவும் சொல்ல முடியாது.

கூப்பிடுவதற்கு ஒரு காரணம் வேண்டும் என்று இத்தனை காலம் காத்திருந்தவளுக்குக் காரணம் சந்தனம் குழைத்துப் பூசிக்கொண்டு வந்து நின்றது. தன் மேசைக்குத் திரும்பி, புதிய மடிக்கணினியில் பிரதிகளை மீட்கும் மென்பொருள் கருவியை நிறுவத் தொடங்கினாள். எந்தக் கிளவுடில், எந்த இடத்தில், எந்தப் பெயரில் பிரதிகள் இருக்கின்றன என்று வரிசையாகக் கொடுத்தாள். மீட்பவற்றை வைக்கப் புதிய டிஸ்க் ஒன்றை இணைத்தாள். பழைய கோப்புறையின் பெயரைத் தராமல் புதிதாக ஒன்று திறந்தாள். எதன்மீதும் எழுதிவிடக் கூடாது. செய்ய முடிந்த எல்லாவற்றையும் செய்து முடித்து, கருவி சாவி கேட்டு நின்ற பிறகே போனை எடுத்தாள். அங்கே காலை விடிந்து வேலைக்குப் போகிற நேரமாக இருக்கும்.

"சொல்லுங்க மாளவிகா," என்றான். முந்தின நாள் மாலை பேசிவிட்டுப் போனவன் சொல்வது போல இருந்தது.

நடந்ததைச் சொன்னாள். அவன் குறுக்கிடாமல் கேட்டான். முடிந்ததும், "நல்லவேளை, கிளவுடுக்குப் பொட்டு வைக்க அவங்களுக்குக் கை எட்டல," என்றான். அவள் சிரித்தாள். அலுவலகத்தில் சிரித்து நாளாயிற்று போலிருக்கிறது. தேநீர் கொண்டுவந்த ஃபஹத் வாசலில் நின்று பார்த்தான்.

ஹரிசங்கர் அலுவலகத்தில் இருந்த கடைசி வேனிலில்தான் இந்த ஏற்பாட்டை இருவரும் சேர்ந்து செய்தார்கள். அப்போதைய இணைய வேகத்துக்கு முதல் பிரதி மேலே போய்ச் சேர வாரக்கணக்கில் ஆயிற்று. பகலில் அளவுகள் வரும் என்பதால் மாலையில்தான் வழி கிடைக்கும். ஏறுகிற எண்ணைப் பார்த்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருப்பார்கள். பேசியதெல்லாம் நீர்மட்டம், உப்பு, வெண்ணாற்றில் எப்போது தண்ணீர் வரும், பட்டுக்கோட்டைப் பக்கம் போர் போடுகிறவர்கள் ஏன் அளவில் பொய் சொல்கிறார்கள் என்பவையே. அப்படியொரு மாலையில் அவன் நெதர்லாந்தில் வேலை கிடைத்ததைச் சொன்னான். சொல்லிவிட்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், அங்கே அவளுக்கும் வேலை இருக்கும், வருவதானால் சேர்ந்து போகலாம் என்றான். அந்த மாத அளவுகள் முடியட்டும், சொல்கிறேன் என்றாள் அவள். அளவுகள் முடிந்தன. அவள் சொல்லவில்லை; மன்னார்குடியில் அப்பா தனியாக இருந்தார், அவருக்குக் கண்ணில் புரை, எதையும் சொல்வதற்கு முன் பத்துத் தடவை எண்ணிப்பார்க்கிற தன் இயல்பு வேறு. அவன் மறுபடி கேட்கவில்லை. ஒரு பதிலுக்குக் காத்திருப்பவன் எவ்வளவு காலம் காத்திருப்பான் என்பதற்கு விதி எதையும் அவன் எழுதிவைக்கவில்லை.

அவன் இன்னும் தனியாகத்தான் இருக்கிறான், தானே சமைக்கிறான், சமைப்பது தின்னும்படி இல்லை என்கிற செய்திகளை, அவள் கேட்காமலேயே, ஃபஹத் அவ்வப்போது தேநீருடன் கொடுப்பதுண்டு. அவன் ஹரியோடு தொடர்பில் இருந்தான். மாளவிகா விசாரித்ததும் இல்லை, காதில் விழாதது போல் காட்டிக்கொண்டதும் இல்லை.

"உங்க பாதி இருக்கா?" என்று போனில் கேட்டாள்.

"இருக்கு."

ஒருவர் பாதியை மற்றவர் பார்க்கக் கூடாது. இதுவும் அவன் விதி. அவள் தன் பாதியைத் தட்டினாள். பிறகு தன் திரையை அவனோடு பகிர்ந்து, விசைப்பலகையை அவன் வசம் விட்டுவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். கட்டத்துக்குள் அவளுடைய கரும்புள்ளிகள் வரிசையாக நின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வந்தது. அடுத்து இன்னொன்று. யாரும் தொடாத கணினியில், அவள் முகத்துக்கு நேராக, அவன் விரல்கள் எங்கோ பட்டுப் பட்டுப் புள்ளியாகிக்கொண்டிருந்தன.

புள்ளிகள் தயங்கவில்லை. பார்த்துப் பார்த்துத் தட்டுகிறவனின் கை நடுநடுவே நிற்கும், இது நிற்கவில்லை. மனப்பாடம். எழுதி உறையிலிட்டுப் பத்திரப்படுத்த வேண்டும், நினைவை நம்பக் கூடாது என்பதுதான் விதி. பொருளற்ற அந்த நீளத்தை ஒருவன் மனத்தில் வைத்திருக்க வேண்டுமானால் அடிக்கடி சொல்லிப்பார்த்தால்தான் முடியும். அவளுடைய பாதி அவளுக்கு மனப்பாடம் என்பதால் இது அவளுக்குத் தெரிந்திருந்தது.

கருவி திறந்தது. ஆண்டுவாரியாகப் பிரதிகளின் பெயர்கள் இறங்கின. முதலில் ஒரே ஒரு ஊரை மட்டும் மீட்டுப் பார்க்கலாம் என்றான் அவன். அவள் அதற்குள் வேதாரண்யத்தைத் தேர்ந்து வைத்திருந்தாள். சென்ற மாதத்து அளவுகள் உடனே வந்தன. பழைய ஆண்டுகள் வரவில்லை. செலவைக் குறைப்பதற்காக அவற்றை உறைநிலைச் சேமிப்பில் போட்டிருந்தார்கள்; கேட்டதும் கிடைக்காது. வேண்டுமென்று விண்ணப்பித்தால் கிளவுட்காரர்கள் எங்கிருந்தோ எடுத்துவைப்பார்கள், அரைநாளுக்கு மேல் ஆகும். விண்ணப்பித்தார்கள். கருவியை மூடினால் மறுபடி சாவி கேட்கும். அடிக்கடி மின்சாரம் போகிற அலுவலகத்தில் இரவெல்லாம் அது திறந்தே இருக்கும் என்று நம்ப முடியாது.

"நாளைக்கு இதே நேரம் நானே கூப்பிடறேன்," என்றான் ஹரிசங்கர்.

அன்று மாலை வடுவூர் வழியாகப் பேருந்து போனபோது வயல்களில் நாற்றங்கால்கள் பச்சை பிடித்திருந்தன. பத்தாண்டு உழைப்பு இன்னும் எங்கோ உறைந்து கிடக்கிறது. நாளைக்கு வந்துசேருமா என்பது உறுதியில்லை. கவலைப்பட வேண்டிய நேரம்தான். மாளவிகா தன்னைக் கூர்ந்து சோதித்துப் பார்த்தாள். கவலை இருந்தது, கவலைக்கு அடியில், யாரிடமும் ஒப்புக்கொள்ள முடியாதபடி, மகிழ்ச்சி இருந்தது. நாளைக்கு ஒரு போன் வரும். வரும் என்று தெரிந்து ஒரு நாளைக் கழிப்பது எப்படியிருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. வீட்டில் அப்பா, என்னம்மா பெட்டி சரியாயிடுச்சா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றாள். அதற்கு அவ்வளவு தெளிவான முகத்தோடு ஏன் பதில் சொல்கிறாள் என்று அவர் யோசித்திருக்கலாம். கண் அறுவை முடிந்து இப்போது அவருக்கு எல்லாம் நன்றாகத் தெரிந்தது.

மறுநாள் சொன்னபடி கூப்பிட்டான். சந்தானகிருஷ்ணனும் ஃபஹதும் மங்களாம்பிகையும் அவள் மேசையைச் சுற்றி நின்றதால் போனை ஒலிபெருக்கியில் வைத்தாள். மீண்டும் அவள் பாதி, அவன் பாதி. உறைநிலையிலிருந்து எடுத்துவைக்கப்பட்ட ஆண்டுகள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின. மங்களாம்பிகை வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். தலைஞாயிறு வந்தது. கோடியக்கரை வந்தது. ஹரிசங்கர் அளவுகளைச் சரிபார்க்கிற கட்டளையை ஓட்டச் சொன்னான், அவள் ஓட்டினாள், ஒரு பிழையும் இல்லை. கடைசிக் கோப்பும் இறங்கியபோது மங்களாம்பிகை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சந்தானகிருஷ்ணனுக்குக் குரல் திரும்பிவிட்டது. ஹரிக்கு நன்றி சொன்னார். ஊர், உடம்பு, குளிர் எல்லாம் விசாரித்தார். பிறகு நிறுவனர் ஆனார்.

"மாளவிகா, இப்பவே அந்தச் சாவிய மாத்திடு. ஒரு பாதி உன்கிட்ட, இன்னொரு பாதி ஃபஹத்கிட்ட. ஹரி, தப்பா எடுத்துக்காதப்பா, நீ எழுதின ரூல்தான்."

"சரிங்க சார்," என்றது போன்.

"லேட்டா டிஸ்மிஸ் பண்றாங்கண்ணே உங்கள," என்றான் ஃபஹத்.

"நீ ஒழுங்கா எழுதி வெச்சுக்க. உன் ஞாபகத்த நம்பாத."

எல்லோரும் சிரித்தார்கள். சந்தானகிருஷ்ணன் கீழே போய், கடைமடைக்காரர்களுக்குத் தாமே போன் செய்யத் தொடங்கினார். ஃபஹத் அவள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, அம்மா கீழ வாங்க, சுண்டல் மிச்சம் இருக்கான்னு பாப்போம் என்று மங்களாம்பிகையைக் கிளப்பிக்கொண்டு போனான். மாளவிகா ஒலிபெருக்கியை அணைத்துப் போனைக் காதில் வைத்துக்கொண்டாள்.

பழைய சாவியை நீக்கப் பழைய சாவியே வேண்டும். கருவிகளின் நியாயம் அப்படி. பட்டியலில் இரண்டு பெயர்கள் இருந்தன. அவன் பெயருக்கு எதிரே உள்ள நீக்கு என்பதை அழுத்தினாள். கட்டம் திறந்தது. தன் பாதியைத் தட்டிவிட்டுக் கையை எடுத்தாள்.

புள்ளிகள் வந்தன. ஒன்றன்பின் ஒன்றாகக் கொஞ்ச தூரம் வந்து, நின்றன.

அவள் காத்திருந்தாள். கட்டத்தில் அடுத்த எழுத்து விழும் இடத்தைக் காட்டும் கோடு மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது.

"ஹரி, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"நின்னுடுச்சு."

"நான்தான் நிறுத்தினேன்." "மாத்தினா எனக்கு ஒரு மெயில் வரும். ஆட்டோமேட்டிக்கா வர்ற மாதிரி நான்தான் வெச்சேன். போன புதுசுல தினமும் பாப்பேன், வந்துடுச்சான்னு. வரல. அப்புறம், வராம இருக்கணுமேன்னு பாக்க ஆரம்பிச்சேன்."

மாளவிகா எதிரே இருந்த சுவரைப் பார்த்தாள். நீர்மட்ட வரைபடம் ஒன்று அங்கே மாட்டியிருந்தது. மழைக்கு ஏறி, கோடைக்கு இறங்கி, மறுபடி ஏறுகிற கோடு. ஒரு வாக்கியத்தை முழுதாக அமைத்துக்கொள்ளாமல் வாயைத் திறக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. இப்போது அமைக்க எதுவும் இருக்கவில்லை.

"நான் வேணும்னேதான் மாத்தல," என்றாள்.

வேண்டுமென்றால் இப்படியே விட்டுவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. கட்டத்தை மூடிவிட்டு, கருவி மறுத்துவிட்டது, நாளைக்குப் பார்க்கலாம் என்று கீழே சொன்னால் நம்புவார்கள். நாளைக்கும் போன் வரும். நாளை மறுநாளும் வரலாம். அவனும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். நின்றுபோன புள்ளிகளே சாட்சி. இருவருமாக இப்படி ஒரு கட்டத்தை நிரப்பாமல் எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் வைத்திருக்க முடியும். இருவருக்கும் அதற்கான பொறுமை இருந்தது. அந்தப் பொறுமைதான் அவளைத் திடுக்கிட வைத்தது.

"ஹரி, நீங்க அடிச்சு முடிச்சுடுங்க."

"முடிச்சுடவா?"

"முடிச்சுடுங்க. ஆனா போன வெச்சுடாதீங்க. எனக்கு உங்ககிட்ட பேசணும். ஆபீஸ் விஷயம் இல்ல."

ஒரு புள்ளி வந்தது. அடுத்தது மெதுவாக வந்தது. இந்தத் தடவை அவன் கை ஒவ்வொரு எழுத்திலும் நின்று நின்று போயிற்று. தெரியாமல் தேடுகிற கையல்ல அது. கடைசிப் புள்ளி வந்தபின் கட்டம் மூடிக்கொண்டது. உறுதியா என்று கருவி கேட்டது. அதற்கு விடை தரவேண்டியவள் அவள். தந்தாள். பட்டியலில் ஒரு பெயர் மட்டும் நின்றது; ஃபஹதின் பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். எங்கோ ஓரிடத்தில் அவனுக்கு அந்த மின்னஞ்சல் போய்ச் சேர்ந்த சிறு மணியோசை போனுக்குள்ளிருந்து அவளுக்கும் கேட்டது.

திரைப் பகிர்வை நிறுத்தினாள். மடிக்கணினியை மூடினாள். கீழே சந்தானகிருஷ்ணன் யாருக்கோ, இல்லைங்க, அந்த போர்ல ஒரு சொட்டு எடுக்காதீங்க, உப்பு ஏறியிருக்கு என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மாளவிகா நாற்காலியை ஜன்னல் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க," என்றான் ஹரிசங்கர்.

"சொல்றேன், இருங்க," என்றாள். எங்கிருந்து தொடங்குவதென்று தெரியவில்லை. அவன் இருந்தான்.